அச்சாரம் முதலில், கைதட்டல் அப்புறம்: உங்கள் ஊர் நாடகக் குழுவைத் தாங்கிப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

செய்யாறு பக்கம் விடியற்காலையில் கூத்து முடிந்து, வாத்தியார் தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அரசாங்க உதவியெல்லாம் குறைஞ்சுபோச்சாமே, எப்படிங்க சமாளிக்கிறீங்க?" என்று கேட்டேன். "அது எப்ப தம்பி வந்துச்சு, குறையறதுக்கு?" என்றார்.

அவர் ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, வருமானம் வருவது திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில். ஊரில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவார்கள். அதிலிருந்து அச்சாரம் கொடுத்து, தேதி குறித்து, பாரதக் கூத்து வைப்பார்கள். ஆட்டம் நன்றாக இருக்குமா இல்லையா என்று பார்த்துவிட்டு யாரும் வரி கொடுப்பதில்லை. பணம் முன்னால், ஆட்டம் பின்னால். நடுவில் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அன்பளிப்பு கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லிக் கிண்டலும் செய்வான், அது தனி.

நகரத்து நவீன நாடகக் குழுக்கள், பள்ளி ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் சேர்ந்து நடத்தும் சிறு மன்றங்கள், வீதி நாடகக் குழுக்கள் ஆகியவற்றுக்கு இப்படி ஒரு ஊர் பின்னால் இல்லை. மானியம் நின்றால் ஒத்திகை நிற்கிறது. இது இங்கே மட்டும் நடப்பதல்ல. 2024 கடைசியில் பெர்லின் நகர அரசு அடுத்த ஆண்டின் கலை பட்ஜெட்டில் சுமார் 13 கோடி யூரோவை வெட்டியது. 2025 மே மாதம் அமெரிக்காவின் தேசியக் கலை நிதியம், கொடுப்பதாக ஒப்புக்கொண்ட மானியங்களையே மின்னஞ்சல் அனுப்பி ரத்து செய்தது. நம் நாட்டில் வெட்டு இவ்வளவு சத்தமாக விழாது. தவணை தாமதமாகும், புதுப்பித்தல் பட்டியலில் பெயர் இருக்காது, காரணமும் சொல்லமாட்டார்கள். 2020ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபோது, அப்படி வரும் பணத்தை ஒரு அமைப்பு இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதும் தடைசெய்யப்பட்டது. பெரிய அறக்கட்டளை வழியாகச் சிறு குழுவுக்குக் கசிந்துவந்த வழி அதோடு அடைபட்டது.

கீழே இருப்பது குழு நடத்துபவர்களுக்கான பாடம் அல்ல. பார்வையாளராக இருந்து, "நாம் ஏதாவது செய்யணுமே" என்று நினைப்பவர்களுக்கு எழுதியது.

படி 1: கணக்கைக் கேளுங்கள்

நன்கொடை கொடுப்பதற்கு முன்னால் குழுவோடு ஒரு மாலை உட்காருங்கள். ஒரு நாடகம் மேடையேற என்ன செலவாகிறது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களே அதுவரை எழுதியிருக்கமாட்டார்கள். இயக்குநரின் சம்பளம், மனைவியின் வளையல், நண்பனின் வேன் எல்லாம் கலந்து ஓடிக்கொண்டிருக்கும்.

அரங்க வாடகை, லைட், மைக் செட், ஒப்பனை, உடை, ஒத்திகை இடம், வேன், சாப்பாடு, நோட்டீஸ், நடிகர்களுக்கான படி. கடைசியில் சொன்னதை முதலில் எழுதச் சொல்லுங்கள். எப்போதும் மிச்சத்தில் கொடுக்கப்படுவது அதுதான், மிச்சம் என்று ஒன்று இருந்ததுமில்லை.

ஒரு கணக்குக்காக, மொத்தச் செலவு 60,000 ரூபாய் என்று வைப்போம். அரங்கில் 250 இருக்கை, டிக்கெட் 150 ரூபாய். அத்தனையும் விற்றாலே 37,500தான். பள்ளம் 22,500. டிக்கெட் விலையை 300 ஆக்கினால் தீர்ந்தது என்று யாராவது சொல்வார்கள். சிறு நகரத்தில் அரங்கம் காலியாகத்தான் தீரும். ஆண்டுக்கு மூன்று நாடகம் என்றால் பள்ளம் 67,500. அரசு மானியம் அடைத்துக்கொண்டிருந்தது, அல்லது அடைக்கும் என்று நம்பவைத்தது, இந்தப் பள்ளத்தைத்தான்.

படி 2: நூறு வீடு சேருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைச் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

மாதம் 100 ரூபாய் கொடுக்க 100 வீடு. ஆண்டுக்கு 1,20,000. மேலே சொன்ன மூன்று பள்ளமும் அடைந்து, மேற்கொண்டு 52,500 மிஞ்சும். கூத்தின் தலைக்கட்டு வரிதான் இது, கோயில் மட்டும் இல்லை. 1891ல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் உறுப்பினராகி நடித்தார்கள். பிற்காலத்தில் சென்னை சபாக்கள் நாடகத்தைத் தூக்கி நிறுத்தியதும் சந்தாவை வைத்துத்தான். உறுப்பினர் ஆண்டுத் தொடக்கத்திலேயே பணம் கட்டிவிடுவார், சபா அதை நம்பி நாடகக் குழுவுக்குத் தேதி கொடுக்கும். தொலைக்காட்சித் தொடர் வந்தபோது மாலை நேரம் பறிபோனது, சந்தாவும் கூடவே போனது.

கர்நாடகத்தில் ஹெக்கோடு என்ற சின்ன ஊர். அங்கே 1949ல் தொடங்கிய நீநாசம் என்ற நாடக அமைப்பு, 1985லிருந்து 'திருகாட்டா' என்று ஒரு சுற்றுப்பயணக் குழுவை அனுப்பிவருகிறது. கன்னட ஊர்களில் இருக்கும் உள்ளூர் அமைப்பாளர்கள் தேதி கேட்டு அழைத்துக்கொள்கிறார்கள். காத்திருந்து அழைக்கும் ஊர்கள் இருப்பதால்தான் வண்டி புறப்படுகிறது.

நடைமுறையில் எப்படி? ஒருவர் தலையில் மொத்தத்தையும் கட்டாதீர்கள். பத்துப் பேர், ஆளுக்குப் பத்து வீடு. தெருவுக்கு ஒருவர் என்று பிரித்தால் சண்டை வரும், பழக்கத்தை வைத்துப் பிரியுங்கள்: வங்கியில் வேலை செய்பவருக்கு வங்கிக்காரர்கள், டியூஷன் ஆசிரியைக்குப் பெற்றோர்கள். மாதாமாதம் கேட்பது கேட்பவருக்கும் கூச்சம், கொடுப்பவருக்கும் எரிச்சல். வங்கியிலோ யு.பி.ஐ.யிலோ தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அது தெரியாதவர்களிடம் சித்திரையில் ஒரேயடியாக 1,200 வாங்கிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை ஒரு பக்கத்தில் அச்சடித்து அத்தனை வீட்டுக்கும் கொடுங்கள். வாட்ஸாப்பில் போட்டால் போதாதா என்பார்கள். போதாது. காகிதம் வீட்டு மேஜையில் கிடக்கும், வந்தவர் எடுத்துப் படிப்பார், அவர் நூற்றியோராவது வீடு.

நூறு வீடும் முதல் ஆண்டில் கிடைக்காது. முப்பது கிடைத்தாலே ஒரு நாடகத்தின் பள்ளம் அடையும். அதிலிருந்து தொடங்குங்கள்.

படி 3: ஓசி பாஸ் கேட்காதீர்கள், கேட்பவரைத் தடுங்கள்

குழுவுக்கு வேண்டியவர்கள்தான் குழுவை அதிகம் ஏமாற்றுகிறார்கள். இயக்குநரின் மைத்துனர், பழைய நடிகர், உள்ளூர்ப் பத்திரிகை நண்பர், கவுன்சிலர் வீட்டு ஆட்கள். 250 இருக்கையில் 100 பாஸ் போனால் வசூல் 22,500க்கு இறங்கிவிடும். முன்வரிசையில் உட்கார்ந்து இடைவேளையில் எழுந்து போவதும் அந்த நூறு பேரில்தான்.

நீங்கள் நண்பர் என்றால் உங்கள் டிக்கெட்டோடு இன்னொன்றும் வாங்குங்கள். இதுவரை நாடகமே பார்க்காத ஒருவரைக் கூட்டிவாருங்கள். கல்லூரி மாணவர்களுக்கு விலை குறைக்க வேண்டுமென்றால், அந்த வித்தியாசத்தை ஒருவர் உபயமாக ஏற்கட்டும். வீதி நாடகம் என்றால் டிக்கெட் இல்லை, முடிந்ததும் துண்டேந்தி வருவார்கள். அந்த நேரம் பார்த்து போனை எடுத்துக் காதில் வைப்பவர்களை நான் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறேன். ஐம்பது ரூபாய்த் தாளை முதலிலேயே சட்டைப் பையில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒருவர் போட்டால் அடுத்த பத்துப் பேர் போடுவார்கள்.

வரி பற்றி ஒரு தகவல், பலர் தேவையில்லாமல் பயப்படுவதால். நாடக நுழைவுச் சீட்டு ஒருவருக்கு 500 ரூபாய்க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. கிடையாது. நாட்டுப்புற, செவ்வியல் வகை நாடகக் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் தொகை 1.5 லட்சத்துக்குள் இருந்தால் அதற்கும் இல்லை.

படி 4: பணம் இல்லையென்றால் இடம் கொடுங்கள்

நாடகம் சாவது மேடையில் இல்லை, ஒத்திகைக்கு இடம் இல்லாமல்தான். இரண்டு மாதம், வாரம் நான்கு நாள், மாலை ஏழிலிருந்து பத்து வரை பன்னிரண்டு பேர் சத்தமாகப் பேச ஓரிடம் வேண்டும். வாடகைக்கு எடுத்தால் நாடகத்தின் செலவை அதுவே தாண்டிவிடும்.

கல்யாண மண்டபக்காரர் யாரையாவது தெரியுமா? ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, மண்டபம் பூட்டிக் கிடக்கும். மின்சாரக் கட்டணத்தையும் கூட்டிப் பெருக்கும் அம்மாவின் கூலியையும் கொடுத்துவிடுகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். பழகிய ஒருவர் கேட்டால் நடக்கும், குழுவே போய்க் கேட்டால் வாடகைப் பட்டியலை நீட்டுவார்கள். "சினிமா பாட்டு போட்டு ஆடமாட்டாங்களே?" என்பார். இல்லையென்று சொல்லுங்கள். பள்ளிகளில் மாலை நேரம், அச்சகத்தின் மாடி, வாடகைக்கு ஆள் வராத கடை எல்லாமே பயன்படும்.

அடுத்தது சாமான் வைக்க இடம். மரக்கட்டை அணிகலன், கிரீடம், திரைச்சீலை, மூங்கில் சட்டம் ஆகியவற்றை வீட்டு மொட்டைமாடியில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்து, ஐப்பசி மழையில் அழியவிட்ட குழுக்கள் எத்தனையோ. எங்கள் நண்பர்கள் மூன்று ஆண்டு சேர்த்த முகமூடிகளை ஒரே இரவில் கரையான் தின்றது. பத்துக்குப் பத்து அறை, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பலகை, ஒரு பூட்டு. இதைக் கொடுப்பவருக்கு நோட்டீஸில் முதல் நன்றி போட வேண்டும்.

தையல்காரர், தச்சர், எலக்ட்ரீஷியன், ஆடிட்டர், வக்கீல் யாராக இருந்தாலும் உங்கள் தொழிலிலேயே உதவுங்கள். ஆடிட்டர் வந்து "நானும் நடிக்கட்டுமா" என்பதைவிட ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுப்பது பெரிய உதவி.

படி 5: காகித வேலை

சலிப்பான பகுதி, சுருக்கமாக. குழு பதிவாகவில்லை என்றால் நிறுவனமும் அரசும் கண்ணெடுத்துப் பார்க்காது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975ன்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். அறக்கட்டளையாகச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம். பிறகு பான் அட்டை, குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, காசோலையில் இரண்டு பேர் கையெழுத்து. அதன் பின் வருமான வரித் துறையிடம் 12ஏ, 80ஜி என்று பழக்கத்தில் சொல்லும் பதிவுகள்: முதலாவது குழுவின் வருமானத்துக்கு வரிவிலக்கு, இரண்டாவது நன்கொடை கொடுப்பவருக்கு. சட்டம் புதிதாகிப் பிரிவு எண்கள் மாறும் காலம் இது, ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

80ஜி இருந்தால் நன்கொடையாளருக்குப் பொதுவாகப் பாதித் தொகைக்கு விலக்கு கிடைக்கும், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் விலக்கு இல்லை. வரிவிலக்கைக் காட்டி நூறு ரூபாய்ச் சந்தாக்காரரை இழுக்க முடியாது. ஐம்பதாயிரம் கொடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

நாடகத்தின் உரிமையையும் பாருங்கள். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1922ல் மறைந்தவர், அவர் நாடகங்களுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். சம்பந்த முதலியார் 1964ல் மறைந்தார், 2025 பிறந்ததிலிருந்து அவருடையதும் பொதுச்சொத்து. அண்ணாவின் எழுத்துகள் நாட்டுடைமை. உயிரோடு இருக்கும் நாடக ஆசிரியர் என்றால் அனுமதி கேளுங்கள், சிறிய தொகையாவது கொடுங்கள். "அவர் நம்ம ஆள்தானே" என்பது அனுமதி ஆகாது.

படி 6: அரசுப் பணத்தைக் கேளுங்கள், நம்பி இருக்காதீர்கள்

ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகத்தின் குரு–சிஷ்யப் பரம்பரைத் திட்டத்தில் குருவுக்கு மாதம் 15,000, வயது வந்த சீடருக்கு மாதம் 10,000 என்று காகிதத்தில் இருக்கிறது. நாடகத் தயாரிப்புக்கும் விழாவுக்கும் தனித் திட்டங்கள் உண்டு. மாநிலத்தில் இயல் இசை நாடக மன்றம், கலை பண்பாட்டுத் துறை, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கின்றன. தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம். பெங்களூரில் அரசு சாராத இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளையும் விண்ணப்பம் வாங்குகிறது. எல்லாவற்றுக்கும் போடுங்கள்.

விண்ணப்பம் எழுதுவதில்தான் குழுக்கள் விழுகின்றன. பிரமாதமாக நடிப்பவர் பட்ஜெட் பத்தியில் ஒரே வரியில் "இதர செலவு" என்று எழுதிவிடுவார். உங்களுக்கு அலுவலக மொழி தெரியுமென்றால், இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிக்கொடுங்கள். போட்டோ, பத்திரிகைத் துணுக்கு, அரங்க ரசீது, தணிக்கை செய்த கணக்கு ஆகியவற்றை ஆண்டுவாரியாக ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். பழைய செலவுக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணை வராது.

எனக்குத் தெரிந்த ஒரு குழு, ஒப்புதல் கடிதம் வந்த சந்தோஷத்தில் வட்டிக்கு வாங்கி நாடகம் போட்டது. மானியப் பணம் வருவதற்குள் வட்டி முதலைத் தொட்டுவிட்டது. அதனால் ஒரு விதி: வங்கியில் விழாத மானியத்தை வரவில் எழுதாதே. வந்தால் உடை, விளக்கு, சாமான் மாதிரி ஒருமுறைச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதச் செலவை அந்த நூறு வீடு பார்த்துக்கொள்ளட்டும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் (சி.எஸ்.ஆர்.) உண்டு. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 5 கோடி நிகர லாபம் அல்லது 1,000 கோடி விற்றுமுதல் அல்லது 500 கோடி நிகர மதிப்பு உள்ள நிறுவனம் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும் என்கிறது. பட்டியலில் கலை பண்பாடும் பாரம்பரியக் கலை வளர்ச்சியும் இருக்கின்றன. 2021 ஏப்ரலிலிருந்து பணம் வாங்கும் அமைப்பு சி.எஸ்.ஆர்–1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். உள்ளதைச் சொன்னால், பெரும்பாலான பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகும். "நாடகத்துக்கு உதவுங்கள்" என்று போகாமல், "உங்கள் ஆலையைச் சுற்றியுள்ள ஐந்து அரசுப் பள்ளிகளில் நாடகப் பயிற்சி" என்று போனால் உள்ளே உட்காரச் சொல்வார்கள். 2022லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பயிற்றுவிக்க ஆள் தேடி ஆசிரியர்கள் அலைகிறார்கள். இரண்டு பக்கத்தையும் தெரிந்த ஒருவர் நடுவில் நின்றால் போதும்.

கடைத்தெருவை மறக்காதீர்கள். ஸ்பெஷல் நாடக நோட்டீஸில் "மைக் செட் உபயம்", "ஒளி உபயம்" என்று போடுவது பழைய பழக்கம். "சாப்பாடு உபயம்: நீங்க" என்றால் ஓட்டல்காரர் பணம் கேட்டபோது காட்டிய முகத்தைக் காட்டமாட்டார்.

படி 7: மனு கொடுங்கள்

திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் பட்டாவுக்கும் குடிநீருக்கும் நடுவே நாடகத்துக்கும் ஒரு மனு போகட்டும். "கலையைக் காக்க வேண்டும்" என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். "நகராட்சி அரங்கத்தை மாதம் ஒரு ஞாயிறு பதிவுபெற்ற உள்ளூர்க் குழுக்களுக்குப் பாதி வாடகைக்குத் தர வேண்டும்" என்று எழுதுங்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய மனுவாக இருக்க வேண்டும். எந்தத் திட்டத்தில் உங்கள் மாவட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வெட்டு விழுந்ததா, பணம் செலவாகாமல் திரும்பிப் போனதா என்பது வேறு வேறு சண்டை.

கிராமம் என்றால் கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, அங்கே தீர்மானம் போடலாம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் நாடக மேடை கட்டித் தருகிறார்கள், நல்லதுதான். ஆனால் கட்டுவதற்கு முன் ஒரு நடிகரையாவது கேட்கச் சொல்லுங்கள். முன்னால் இரண்டு தூண் நின்று முகத்தை மறைக்கும் மேடை, கிரீடம் இடிக்கும் கூரை, மாலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும் திசை எல்லாம் பார்த்தாயிற்று. பெண்கள் உடை மாற்ற அறையும் கழிப்பறையும் இல்லாத மேடைதான் அதிகம். கல்வெட்டில் பெயர் மட்டும் தப்பாமல் இருக்கும்.

அனுமதி விஷயம்: 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013ல் செல்லாது என்றுவிட்டது. 1876ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்தையும் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. வசனத்தை முன்கூட்டிக் காட்டு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டும், இரவு பத்து மணி விதி உண்டு. விடிய விடியக் கூத்து நடத்தும் ஊர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன. காவல் நிலையத்துக்கு ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கூடப் போய்ப் பேசினால் பாதி வேலை முடியும்.

படி 8: கொடுத்தபின் கையை எடுங்கள்

பணம் கொடுத்தவர் கதையில் கைவைப்பதுதான் மானியம் நின்றுபோவதைவிட மோசம். "அந்த ஒரு வசனத்தை எடுத்துடுங்க", "என் பொண்ணுக்கு ஒரு வேஷம்", "நடுவில் பத்து நிமிஷம் நான் பேசறேன்". நூறு வீடு என்று சொன்னதற்கு இன்னொரு காரணம் இது. நூறு பேர் கொடுத்தால் ஒருவரும் முதலாளி ஆக முடியாது. நாடகம் பிடிக்கவில்லையா? தாராளமாகச் சொல்லுங்கள், முடிந்த மறுநாள், நேரில். சந்தாவை நிறுத்தாதீர்கள்.

பொன்னாடையையும் நிறுத்திவிடலாம். பன்னிரண்டு பேருக்குப் போர்த்தும் துண்டுகளின் விலை அவர்களின் பஸ் செலவு. பாராட்டிப் பேச வருபவர்களுக்கு மொத்தம் ஐந்து நிமிடம், அதுவும் நாடகம் முடிந்த பிறகு. முன்னால் பேசவிட்டால் ஏழு மணி நாடகம் எட்டேகாலுக்குத் தொடங்கும், கடைசி பஸ் ஒன்பதரைக்கு என்பதால் முடிவுக் காட்சியை வெறும் நாற்காலிகள் பார்க்கும்.

நாடகம் நடக்கும் நாளில் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. திரை விழுந்ததும் வாசலில் நின்று அலசிக்கொண்டிருக்காமல் பின்பக்கம் போங்கள். மூங்கில் சட்டங்களைப் பிரிக்கவும் விளக்குகளைத் துணியில் சுற்றவும் ஆள் வேண்டும். வேஷம் போட்டவர்களே அரிதாரத்தோடு சுமந்துகொண்டிருப்பார்கள். இரண்டு சட்டத்தைத் தோளில் வாங்கி வேனில் ஏற்றுங்கள். டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தால் அவருக்கும் சேர்த்து டீ சொல்லுங்கள். வேன் கிளம்புவதற்குள் அடுத்த நாடகத்தின் தேதியைக் கேட்டு, அதற்கான இரண்டு டிக்கெட் பணத்தை அங்கேயே கொடுத்துவிடுங்கள்.